வளையம் சொல்லும் கதை: கேமரா பாடியும் லென்ஸும்

"நிக்கான் வாங்கலாமா, கேனான் வாங்கலாமா?"

கேமரா ஆசை பிடித்த எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நானும் கேட்டேன். ஆளுக்கொரு பதில் வந்தது. ஹாஸ்டலில் ஒருத்தன் மெகாபிக்ஸல் பார்க்கச் சொன்னான், இன்னொருத்தன் சோனிதான் என்று சத்தியம் செய்தான். யாருமே "பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் இருக்கும் அந்த வளையத்தைப் பார்" என்று சொல்லவில்லை. அதைப் பார்க்காமல் 9,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அந்தப் புத்தி வந்த கதைதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்தவர். ஃபிலிம் காலத்தில் அவர் வைத்திருந்தது நிக்கான் எஃப்80. அந்தக் கேமரா எப்போதோ போய்விட்டது, அதில் மாட்டியிருந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் மட்டும் அரிசி போட்ட டப்பாவுக்குள் பூஞ்சை பிடிக்காமல் பத்திரமாக இருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனதும், "லென்ஸ் நல்லா இருக்குடா, நீ பாடி மட்டும் வாங்கிக்கோ" என்று அதைத் தூக்கிக் கொடுத்தார். லீவில் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தோடு பழைய கேமரா விற்கும் ஒரு கடைக்குப் போனேன். அங்கே நிக்கான் டி3100 பாடி இருந்தது. இந்த லென்ஸ் இதில் ஓடுமா என்று கேட்டேன். "நிக்கான் லென்ஸ் நிக்கான்ல ஓடாம வேற எதுல தம்பி ஓடும்?" என்றார் கடைக்காரர். நியாயமான பதிலாகத்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். லென்ஸ் 'டிக்' என்று கச்சிதமாகப் பூட்டிக்கொண்டது. பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. லென்ஸ் அசையவே இல்லை. ஆட்டோ ஃபோக்கஸ் வேலை செய்யவில்லை. ரிப்பேர் என்று நினைத்துப் பதறிப்போனேன். ஆனால் பாடியிலும் பழுது இல்லை, லென்ஸிலும் பழுது இல்லை. இரண்டும் நிக்கான், இரண்டும் ஒழுங்கானவை, ஆனாலும் ஒன்றோடு ஒன்று முழுதாக ஒத்துழைக்காது! ஏன் இப்படி என்று தேடிப் போனால், விடை 1959ஆம் ஆண்டு வரை இழுத்துக்கொண்டு போனது. உண்மையில் அதற்கும் முன்னாலேயே ஆரம்பிக்கிறது.

ஜெர்மனியில் பிறந்த மரை

35 மி.மீ. ஃபிலிமை ஸ்டில் கேமராவுக்குப் பிரபலமாக்கியது ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் இருந்த லைட்ஸ் நிறுவனம். அங்கே வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், சினிமா ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓட்டி 24க்கு 36 மி.மீ. அளவில் படம் எடுக்கும் ஒரு சின்னக் கேமராவை உருவாக்கினார். அதுதான் 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா. இன்றைக்கு 'ஃபுல் ஃப்ரேம்' என்று நாம் சொல்லும் அளவு அந்த 24க்கு 36தான்.

முதல் லைக்காவில் லென்ஸைக் கழற்ற முடியாது. 1930இல் கழற்றி மாட்டும் லைக்கா வந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல். ஒவ்வொரு லென்ஸையும் அந்தந்தப் பாடிக்கென்று தனித்தனியாகப் பொருத்தித் தர வேண்டியிருந்தது. உங்கள் லென்ஸை நண்பரின் கேமராவில் மாட்டினால் படம் தெளிவாக விழும் என்று நிச்சயம் இல்லை. காரணம், வளையத்திலிருந்து ஃபிலிம் வரைக்குமான தூரம் கேமராவுக்குக் கேமரா மயிரிழை அளவு மாறியது. 1931இல் அந்தத் தூரத்தை 28.8 மி.மீ. என்று நிலைநிறுத்தினார்கள். வளையத்தின் விட்டம் 39 மி.மீ., போல்ட்டில் நட்டைத் திருகுவது போல மரை.

இந்தத் தூரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பாதிக் கதை இந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறது.

அதே காலத்தில் ஜப்பானில் இரண்டு பேர். 1917இல் தொடங்கிய நிப்பான் கோகாக்கு, அதாவது பிற்கால நிக்கான், லென்ஸ் செய்து கொண்டிருந்தது. 1933இல் தொடங்கிய ஒரு சின்னப் பட்டறை, லைக்கா போல ஒரு கேமரா செய்யத் துடித்தது. அந்தப் பட்டறை தன் முதல் மாதிரிக்குக் கருணைத் தெய்வமான குவானோனின் பெயரை வைத்தது. அந்தப் பெயர்தான் பிறகு கேனான் ஆனது.

1936இல் அவர்களின் முதல் கேமரா 'ஹன்ஸா கேனான்' விற்பனைக்கு வந்தது. அதில் இருந்த லென்ஸ் எது தெரியுமா? நிக்கோர் 50 மி.மீ. எஃப்/3.5! லென்ஸ் மட்டும் இல்லை, லென்ஸை மாட்டும் வளையத்தைச் செய்து கொடுத்ததும் நிப்பான் கோகாக்குதான். இன்றைக்கு நிக்கான் கட்சி, கேனான் கட்சி என்று அடித்துக்கொள்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. :)

கொரியப் போரும் ஜப்பான் லென்ஸும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் உலகம் மதித்தது ஜெர்மன் லென்ஸ்களைத்தான். ஜப்பான் பொருள் என்றால் மலிவுச் சரக்கு என்ற எண்ணம். அதை மாற்றிய சம்பவம் 1950இல் டோக்கியோவில் நடந்தது. 'லைஃப்' பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கனை, ஜுன் மிக்கி என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் 85 மி.மீ. எஃப்/2 நிக்கோர் லென்ஸால் படம் எடுத்துக் காட்டினார். படத்தின் தெளிவைப் பார்த்த டங்கன் அசந்துபோனார். சில நாட்களில் கொரியப் போர் மூண்டது. டங்கன் தன் லைக்கா கேமராக்களில் நிக்கோர் லென்ஸ்களை மாட்டிக்கொண்டு போர்க்களம் போனார். அங்கிருந்து வந்த படங்கள் நியூயார்க்கில் பேசப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானிய லென்ஸ்களைப் பற்றி நியூயார்க் டைம்ஸே எழுதியது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஜெர்மன் கேமராவில் ஜப்பான் லென்ஸ் எப்படி ஏறியது? 39 மி.மீ. மரை பொதுவாக இருந்ததால்தான். மரை வேறாக இருந்திருந்தால், டங்கன் அந்த லென்ஸைப் பாராட்டிவிட்டு வைத்துவிட்டுப் போயிருப்பார். வளையம் ஒத்துப்போனதால் ஒரு தொழிலுக்கே வழி திறந்தது.

1959: இரண்டு பேரும் புறப்படுகிறார்கள்

1959இல் இரண்டு நிறுவனங்களும் தங்கள் முதல் எஸ்எல்ஆர் கேமராவை வெளியிட்டன. லென்ஸ் வழியாகவே பார்த்துப் படம் எடுக்கும் கேமரா அது. கேனானுடையது கேனான்ஃப்ளெக்ஸ், நிக்கானுடையது நிக்கான் எஃப்.

நிக்கான் எஃப் கேமராவோடு வந்த வளையத்தின் பெயர் எஃப் மவுண்ட். உள்விட்டம் 44 மி.மீ., ஃபிலிம் வரைக்கும் தூரம் 46.5 மி.மீ. பத்திரிகைக்காரர்கள் அதைத் தூக்கிக் கொண்டாடினார்கள். வியட்நாம் போரின் படங்களில் பல இந்தக் கேமராவில் எடுத்தவை. கேனான்ஃப்ளெக்ஸ் எடுபடவில்லை. கேனான் 1964இல் வளையத்தின் வேலை செய்யும் முறையை மாற்றி எஃப்எல் என்றது, 1971இல் மறுபடி மாற்றி எஃப்டி என்றது. நிக்கான் மட்டும் அசையவில்லை. "இன்று வாங்கும் லென்ஸ் நாளைய பாடியிலும் ஏறும்" என்பதுதான் அதன் சொல்லாத வாக்குறுதி.

வாக்குறுதியைக் காப்பாற்றுவது சுலபமாக இல்லை. கேமராவுக்குள் ஒளி அளக்கும் மீட்டர் வந்ததும், லென்ஸில் எந்த அபெர்ச்சர் வைத்திருக்கிறோம் என்று பாடிக்குத் தெரிய வேண்டியிருந்தது. நிக்கான் லென்ஸின் மேல் முயல் காது மாதிரி ஒரு கொக்கியை வைத்தது. லென்ஸை மாட்டியதும் அபெர்ச்சர் வளையத்தை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒரு திருப்பு திருப்ப வேண்டும். அப்போதுதான் மீட்டருக்குப் புரியும். 1977இல் ஏஐ என்ற முறை வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அபெர்ச்சர் வளையத்தை மாற்றித் தரும் வசதியையும் நிக்கான் செய்தது.

பழைய வீட்டை இடிக்காமல் மேலே மேலே மாடி கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதிதான். ஆனால் படிக்கட்டு எங்கே போகிறது என்று புதிதாக வருபவனுக்குத் தெரியாது.

மோட்டார் எங்கே இருக்க வேண்டும்?

1985இல் மினோல்டா நிறுவனம் 7000 என்ற கேமராவை வெளியிட்டு எல்லோரையும் தூக்கி வாரிப்போட வைத்தது. பட்டனைத் தொட்டால் கேமராவே ஃபோக்கஸ் செய்துகொள்ளும்! அதற்கு முன்பும் ஆட்டோ ஃபோக்கஸ் முயற்சிகள் இருந்தன, ஆனால் எல்லாவற்றையும் பாடிக்குள்ளேயே அடக்கி வெற்றிகரமாக விற்றது இதுதான். இதற்காக மினோல்டா 1958 முதல் வைத்திருந்த தன் பழைய வளையத்தைத் தூக்கிப் போட்டது. (பின்னால் ஹனிவெல் நிறுவனத்தோடு காப்புரிமை வழக்கில் தோற்று, 1992இல் 12 கோடி டாலருக்கு மேல் கட்டவும் நேர்ந்தது. அது தனிக் கதை.)

மினோல்டாவின் முறையில் மோட்டார் பாடிக்குள் இருந்தது. வளையத்தின் ஓரத்தில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது லென்ஸில் இருக்கும் காடியில் நுழைந்து சுழற்றும். 1986இல் நிக்கானும் எஃப்501 கேமராவில் இதே வழியைப் பின்பற்றியது. காரணம் எளிது. எஃப் மவுண்டை மாற்றாமலேயே அந்த முனையை வளையத்தின் ஓரத்தில் வைக்க இடம் இருந்தது. என் பெரியப்பாவின் லென்ஸ் இந்த வம்சத்தில் வந்ததுதான்.

கேனான் என்ன செய்தது? 1987 மார்ச்சில் ஈஓஎஸ் 650 என்ற கேமராவோடு ஈஎஃப் என்ற புத்தம் புதிய வளையத்தைக் கொண்டுவந்தது. விட்டம் 54 மி.மீ., தூரம் 44 மி.மீ. ஸ்க்ரூ டிரைவர் கிடையாது, நெம்புகோல் கிடையாது. பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மின் தொடர்பு மட்டும். மோட்டார் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் தனியாக இருக்கும்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் கேனான் எஃப்டி வளையத்தில் டி90 என்ற உயர்தரக் கேமராவை வெளியிட்டிருந்தது. 1986இல் கடன் வாங்கி டி90 வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். ஒரே வருடத்தில் அவருடைய வளையத்துக்குக் கதவு சாத்தப்பட்டது. லட்சக்கணக்கில் விற்ற ஏஈ1 கேமராவின் சொந்தக்காரர்களுக்கும் அதே கதி. நம்பிக்கைத் துரோகம் என்றே பலர் கொதித்தார்கள்.

சரி, பழைய லென்ஸை ஓர் அடாப்டர் வளையம் வைத்துப் புதிய பாடியில் மாட்டலாமே? இங்கேதான் நினைவில் வைக்கச் சொன்ன தூரம் வருகிறது. நீளமான தூரத்துக்குச் செய்த லென்ஸைக் குட்டையான தூரம் உள்ள பாடியில் மாட்டலாம், மீதித் தூரத்தை ஒரு காலிக் குழாய் நிரப்பிவிடும். தலைகீழாக முடியாது. எஃப்டியின் தூரம் 42 மி.மீ., புதிய ஈஎஃப்பின் தூரம் 44 மி.மீ. வெறும் வளையம் வைத்தால் தூரத்தில் இருப்பவை எல்லாம் கலங்கலாகிவிடும். நடுவில் கூடுதல் கண்ணாடி வேண்டும். ஆனால் நிக்கானின் தூரம் 46.5! ஆகவே நிக்கான் லென்ஸைக் கேனான் ஈஓஎஸ் பாடியில் இரண்டரை மி.மீ. வளையத்தோடு கையால் ஃபோக்கஸ் செய்து ஓட்டலாம், கேனானின் சொந்தப் பழைய லென்ஸை ஓட்ட முடியாது. இதை முதலில் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் கேனானின் கணக்கு வேறு. பெரிய டெலிஃபோட்டோ லென்ஸின் கனமான கண்ணாடியை அசைக்க, அதற்கேற்ற மோட்டார் அந்த லென்ஸுக்குள்ளேயே இருப்பதுதான் நல்லது. 1987லேயே 300 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் அல்ட்ராசானிக் மோட்டாரை வைத்தது. 90களில் விளையாட்டு மைதானங்களின் ஓரத்தில் வெள்ளை நிறக் கேனான் லென்ஸ்கள் வரிசை கட்டின. நிக்கானும் பிறகு லென்ஸுக்குள் மோட்டார் வைக்கும் வழிக்கே வந்தது.

ஃபிலிம் பாடிக்குள் போன நாள்

இதுவரைக்கும் சொன்ன காலத்தில் பாடி என்பது ஒளி புகாத பெட்டி, அவ்வளவுதான். படத்தின் தரம் லென்ஸிலும் ஃபிலிமிலும் இருந்தது. நல்ல ஃபிலிம் புதிதாக வந்தால் 1959ஆம் ஆண்டின் நிக்கான் எஃப்பிலும் போட்டுக்கொள்ளலாம். கேமரா கிழடானாலும் படம் இளமையாக வரும்.

டிஜிட்டல் இதைத் தலைகீழாக்கியது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 100க்கு 100 புள்ளிகள்தான் எடுத்தது. ஒரு படத்தைக் கேஸட்டில் பதிய 23 விநாடி. 1991இல் கோடாக் டிசிஎஸ் வந்தது. அது கோடாக் செய்த புதுக் கேமரா இல்லை. நிக்கான் எஃப்3 பாடியின் முதுகில் 1.3 மெகாபிக்ஸல் சென்சாரை ஒட்டிய கேமரா! ஹார்டு டிஸ்க்கும் பேட்டரியும் தனிப் பெட்டியாகத் தோளில் தொங்கும். விலை 20,000 டாலர் அளவில். பத்திரிகைக்காரர்களின் பையில் நிக்கான் லென்ஸ்கள் ஏற்கெனவே இருந்தன, பாடியை மாற்றினால் போதும். மறுபடியும் வளையம்தான் வழி காட்டியது.

1999இல் நிக்கான் டி1, 2.7 மெகாபிக்ஸல். 2003இல் கேனான் 300டி, 6.3 மெகாபிக்ஸல், பாடியின் விலை முதல்முறையாக 1,000 டாலருக்குக் கீழே. 2004இல் நிக்கான் டி70. அங்கே ஆரம்பித்த ஓட்டம்தான் சாதாரண மனிதர்கள் கைக்கு டிஎஸ்எல்ஆரைக் கொண்டுவந்தது.

ஆனால் 'ஃபிலிம்' இப்போது பாடிக்குள் நிரந்தரமாகப் போய்விட்டது. சென்சாரை மட்டும் மாற்ற முடியாது. அதனால் பாடி கம்ப்யூட்டர் மாதிரி, வாங்கிய நாளிலிருந்தே வயதாகிறது. லென்ஸுக்கு அப்படி வயதாவதில்லை. இதுதான் டிஜிட்டல் காலத்தில் லென்ஸின் மதிப்பைக் கூட்டிய மாற்றம்.

இன்னொரு மாற்றமும் வந்தது. 24க்கு 36 அளவில் சென்சார் செய்ய அப்போது பெரும் செலவு. அதனால் சிறிய சென்சார் வைத்தார்கள். லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதி மட்டும் பதிவாகும். நிக்கானில் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு நெருங்கி வந்தது போல இருக்கும். 50 மி.மீ. லென்ஸ் 75 அல்லது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். கேனான் 2002இல் 1டிஎஸ் கேமராவில் முழு அளவுச் சென்சார் வைத்தது, 2005இல் 5டி கேமராவில் அதைக் கொஞ்சம் கைக்கு எட்டும்படி செய்தது. நிக்கான் 2007இல் டி3 கேமராவில்தான் முழு அளவுக்கு வந்தது.

என் 9,000 ரூபாய் போன இடம்

இப்போது என் கதைக்கு வருவோம். 2006இல் நிக்கான் டி40 என்ற சின்ன, மலிவான கேமராவை வெளியிட்டது. எடையும் விலையும் குறைய ஒரு பொருளை எடுத்துவிட்டது: பாடிக்குள் இருந்த ஃபோக்கஸ் மோட்டார். புதிய லென்ஸ்களில்தான் மோட்டார் உள்ளேயே இருக்கிறதே என்பது கணக்கு. டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை எல்லாம் இந்த வழியில் வந்தவை. டி50, டி70, டி80, டி90, டி7000 வரிசையில் மோட்டார் உண்டு. வளையம் ஒன்றே, லென்ஸ் ஏறும், பூட்டும், ஒளியும் அளக்கும். ஃபோக்கஸ் மட்டும் கையால்தான்.

என்னுடைய டி3100, 2010ஆம் ஆண்டுக் கேமரா. பெரியப்பாவின் லென்ஸ், மோட்டார் இல்லாத லென்ஸ். இரண்டு பேரும் "மோட்டார் உன்னிடம் இருக்கும்" என்று ஒருவரை ஒருவர் நம்பி ஏமாந்தார்கள். நடுவில் நானும். கடைக்காரர் பொய் சொன்னாரா, அவருக்கே தெரியாதா என்று இன்று வரை புரியவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். "மாட்டுதுல்ல தம்பி?" என்றார். மாட்டுகிறதுதான்!

2018: எல்லோரும் இடித்துக் கட்டினார்கள்

கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்ததும் கதை புதிய திருப்பம் எடுத்தது. பாடிக்குள் தூக்கி இறங்கும் கண்ணாடிக்கு இடம் விடத் தேவையில்லை, தூரத்தைக் குறைக்கலாம். சோனி 2010இல் 18 மி.மீ. தூரத்தோடு ஈ மவுண்டைத் தொடங்கியது. 2013இல் அதிலேயே முழு அளவுச் சென்சாரைக் கொண்டுவந்தது. 2018இல் நிக்கான் இசட் மவுண்ட் (விட்டம் 55, தூரம் 16 மி.மீ.), கேனான் ஆர்எஃப் மவுண்ட் (விட்டம் 54, தூரம் 20 மி.மீ.). 59 வருடம் காத்த எஃப் மவுண்டுக்கு நிக்கானே வாரிசு தேடிக்கொண்டது.

தூரம் குறைந்ததால் பழைய லென்ஸ்கள் எல்லாம் அடாப்டரில் ஏறும். கேனானின் அடாப்டரை மாட்டினால், 1987இல் வாங்கிய ஈஎஃப் லென்ஸ்கூட புதிய ஆர்எஃப் பாடியில் ஆட்டோ ஃபோக்கஸோடு ஓடுகிறது. ஏனென்றால் அன்றே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்து, வளையத்தில் மின்சாரத்தை மட்டும் ஓடவிட்டார்கள். நிக்கானின் அடாப்டரில் மோட்டார் உள்ள லென்ஸ்கள் ஓடும், பெரியப்பாவின் லென்ஸ் போன்ற ஸ்க்ரூ டிரைவர் வம்சம் அங்கேயும் கையால்தான்.

1987இல் உறவை முறித்தவன் லென்ஸ் 2018இல் முழுதாக வேலை செய்கிறது. 1959 முதல் உறவைக் காத்தவன் லென்ஸ் அரைகுறையாக வேலை செய்கிறது. அதற்காகக் கேனான் செய்தது சரி என்று சொல்லிவிட முடியுமா? அந்த டி90 வாங்கியவரிடம் கேட்டால் வேறு பதில் வரும். அதே நிக்கானின் பிடிவாதத்தால்தான் பெரியப்பாவின் லென்ஸ் இன்றும் என் கையில் படமாவது எடுக்கிறது.

மினோல்டா என்ன ஆனது? கோனிகாவோடு இணைந்து, 2006இல் கேமராத் தொழிலை விட்டே விலகியது. வளையம் சோனிக்குப் போனது. சோனியும் பிறகு ஈ மவுண்டுக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் 2020இல் சோனி, உள்ளே மோட்டார் வைத்த ஓர் அடாப்டரை வெளியிட்டது. சில பாடிகளில் 1985ஆம் ஆண்டு மினோல்டா லென்ஸ்கூட அதில் தானாக ஃபோக்கஸ் செய்யும். வம்சம் அழிந்தாலும் சொத்து பேரன் கைக்கு வந்த மாதிரி! எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 2011இல் தொடங்கிய நிக்கான் 1 வரிசை 2018இலும், 2012இல் தொடங்கிய கேனான் ஈஎஃப்எம் வரிசை 2023இலும் முடிந்துபோயின.

ஆகவே, எப்படித் தேர்ந்தெடுப்பது?

வரலாறு படித்து நான் கற்றுக்கொண்டவை இவை:

1. பாடியைப் பார்க்கும் முன் வளையத்தைப் பாருங்கள். அந்த வளையத்தில் உங்கள் பட்ஜெட்டுக்குள் என்னென்ன லென்ஸ் பழையதாகவும் புதியதாகவும் கிடைக்கிறது என்று எழுதுங்கள். பட்டியல் சின்னதாக இருந்தால் யோசியுங்கள்.

2. "மாட்டுமா?" என்று கேட்காதீர்கள். "ஆட்டோ ஃபோக்கஸ் ஆகுமா, மீட்டர் வேலை செய்யுமா, முழுச் சென்சாரையும் நிரப்புமா?" என்று மூன்று கேள்வியாகக் கேளுங்கள். லென்ஸைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டி, பட்டனை அழுத்திப் பாருங்கள். நான் செய்யாத வேலை இதுதான். 1977க்கு முந்தைய, மாற்றம் செய்யாத நிக்கான் லென்ஸ்களைப் பல புதிய பாடிகளில் பலவந்தமாக மாட்டினால் பாடியே கெடலாம், ஜாக்கிரதை.

3. மெகாபிக்ஸலுக்கு மயங்காதீர்கள். 6 மெகாபிக்ஸலுக்கும் 24 மெகாபிக்ஸலுக்கும் நான்கு மடங்கு என்று தோன்றும். ஆனால் படத்தின் அகலம் 3,000 புள்ளியிலிருந்து 6,000 ஆகிறது, இரண்டே மடங்கு. அந்த 3,000 புள்ளியே பத்து அங்குல அகலத்துக்கு அருமையாகப் பிரிண்ட் ஆகும்.

4. லென்ஸின் எஃப் எண்ணைக் கவனியுங்கள். பாடியோடு வரும் 18-55 கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப்/5.6. ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். மண்டபத்துக்குள் கிட் லென்ஸுக்குப் பத்தில் ஒரு விநாடி தேவைப்பட்டால், இதற்கு நூறில் ஒன்று போதும். படம் அசங்கிப்போவதற்கும் தெளிவாக வருவதற்கும் நடுவே உள்ள வித்தியாசம் அது. எந்தப் புதுப் பாடியும் இவ்வளவு பெரிய லாபத்தை இந்த விலையில் தராது.

5. பணம் குறைவாக இருந்தால் பழைய பாடி, நல்ல லென்ஸ். பாடியின் விலை இறங்கிக்கொண்டே போகும், நல்ல லென்ஸின் விலை மெதுவாகத்தான் இறங்கும். அடுத்த பாடிக்கும் அது கூட வரும், வளையம் சரியாக இருந்தால்!

அக்கா கல்யாணம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். வேறு பாடி வாங்கப் பணம் இல்லை. டி3100இன் வியூஃபைண்டருக்குள் இடது மூலையில் பச்சைப் புள்ளி ஒன்று உண்டு. கையால் திருப்பிக்கொண்டே வந்தால் ஃபோக்கஸ் சரியானதும் அது எரியும். மூன்று வாரம் வீட்டில் இருக்கிற எல்லோரையும், கோழியைக்கூட விடாமல், அந்தப் புள்ளியைப் பார்த்துப் பார்த்துப் படம் எடுத்துப் பழகினேன். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து, "நாங்க முதல்ல எல்லாம் கையாலதான்டா திருப்பினோம்" என்று சிரித்தார். தாலி கட்டும் நேரத்தில் எடுத்த பதினாறு படத்தில் ஐந்து தேறியது. அதில் ஒன்று அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது.

ஆனாலும் இன்னொரு தடவை வாங்கினால் டி90 அல்லது டி7000தான் வாங்குவேன். பதினாறில் ஐந்து போதாது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்பாவுடையதோ மாமாவுடையதோ பழைய லென்ஸ் ஒன்று கிடக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எடுத்து, பின்பக்க மூடியைத் திறந்து, அந்த வளையத்தைப் பாருங்கள். எந்தக் கேமரா வாங்க வேண்டும் என்பதற்குப் பாதி பதில் அங்கேயே இருக்கும்.